என் காலை வந்து பாருங்கள்

எங்கோ ஒரு டிராலி. அதன் ஒரு சக்கரம் மட்டும் க்ரீ, க்ரீ என்கிறது. மளிகைக் கடையானாலும் சரி, ரயிலடியானாலும் சரி, அந்தச் சத்தம் கேட்டால் என் இடது கால் கனத்துவிடுகிறது. நின்றுவிடுகிறேன். கூட வருகிறவர்கள் நாலடி போய்த் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்து டிராலிக்கு அந்தச் சத்தம் இருந்தது. அது வராந்தா முனையில் திரும்பும்போதே வார்டில் எல்லோரும் ஊசிக்குக் கையைத் தயாராக நீட்டிக்கொள்வார்கள். எனக்கு ஊசி வயிற்றில். கண்ணை மூடிக்கொள்வேன். மூடினால் ஆஸ்பத்திரி போய்விடும், கம்பெனி வந்துவிடும். அதே சத்தத்தோடு கன்னியம்மா டிராலி தள்ளிக்கொண்டு வருவாள். “யக்கா, ஓரம்போ, கால் மேல ஏத்திருவேன்” என்பாள்.

கன்னியம்மா இப்போது டிராலி தள்ளுவதில்லை. உட்கார்ந்து செய்கிற வேலையில் இருக்கிறாள். கன்னியம்மா என்பது அவள் பெயரும் இல்லை. எழுதப்போகிறேன், என்ன பெயர் வைக்கட்டும் என்று அவளிடமே கேட்டு வைத்தது. என் கால் எனக்கு மிஞ்சியது. அவள் நெஞ்சு அவளுக்கு மிஞ்சியது. அது எப்படி என்பதுதான் இந்தக் கதை. நன்றியோடு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம்தான் முதலில் வந்து உட்காருகிறது. உட்காரட்டும்.

ஒரகடத்தில் கார் பம்பர் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பெயிண்ட் அடித்துக் காய்ந்து வருகிற பம்பரை வெள்ளை விளக்குகளின் கீழே பார்க்க வேண்டும். தூசி ஒட்டியிருக்கிறதா, பெயிண்ட் வழிந்திருக்கிறதா, கீறல் உண்டா. பார்ப்பது வேலை, நிற்பது உழைப்பு. பம்பர்கள் வரும், போகும். நான் நிற்பேன். சிறு வயதில் ஓரிடத்தில் நிற்காதவள் என்று பெயரெடுத்தவள் நான். அந்தப் பெண்ணைப் பிடித்து ஒரு ரப்பர் பாயின் மேல் நிறுத்தி, ஷிப்ட் முடிகிற வரை அசையாதே என்று சொல்லிவிட்டது பிழைப்பு. மனசு மட்டும் ஷெட் முழுக்கச் சுற்றிவிட்டு வரும்.

எங்கள் கம்பெனி நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்திருந்தது. அந்தக் காப்பீட்டுக் கம்பெனி ஆளுக்கொரு வாட்ச் கொடுத்தது. மணி பார்க்கிற வாட்ச் இல்லை; நம்மைப் பார்க்கிற வாட்ச். எத்தனை அடி நடந்தோம், இதயம் எப்படி அடிக்கிறது, எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று பார்த்து அனுப்பிக்கொண்டே இருக்கும். நடந்தால் புள்ளி. புள்ளி குறைந்தால், காப்பீட்டுக்காக நம் சம்பளத்தில் பிடிக்கிற பங்கு கூடும்.

கட்டிக்கொண்ட முதல் நாள். லைனில் வரிசையாக நிற்கிறோம். எல்லோர் மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் அந்த வாட்ச் துடித்தது. திரையில் தமிழிலேயே எழுதியிருந்தது: ‘நீங்கள் வெகுநேரம் அசையாமல் இருக்கிறீர்கள். எழுந்து நடங்கள்!’

அப்போது காலி டிராலியோடு வந்த கன்னியம்மா என் கையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

“எய்ந்திரிக்கச் சொல்லுதா? நின்னுகினு கீறவங்கள எய்ந்திரிக்கச் சொன்னா, எங்க போறதாம்? கூரை மேலயா?”

அந்த வாட்சுக்கு இரண்டே ஜாதி: நடக்கிறவன், சும்மா இருக்கிறவன். நின்றே தேய்கிற ஒருத்தியை அதற்குத் தெரியாது. ஷிப்ட் முடிந்தபோது எங்கள் லைன் முழுக்கச் சோம்பேறிகள் என்று முடிவாகிவிட்டது.

கன்னியம்மா கான்ட்ராக்ட் ஆள். அவளுக்கு அரசாங்க ஈ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு, வாட்ச் கிடையாது. ஆனால் ஸ்டோரிலிருந்து லைனுக்கும், லைனிலிருந்து லாரி நிற்கிற இடத்துக்கும் ஷிப்ட் முழுக்க நடப்பவள் அவள்தான். அவளே ஒரு நாள் கையை நீட்டினாள்.

“குடுங்க, கட்டிக்கறேன். எப்டியும் நடக்கறேன். கூட நாலு பேர இட்டுகினு போறேன், அவ்ளதான?”

இப்படித்தான் ஆரம்பித்தது. கம்பெனி கொடுத்த யூனிபார்ம் கோட்டின் கைக்குள்ளே முழங்கை வரை எங்களைக் கட்டிக்கொண்டு அவள் நடப்பாள். சாயங்காலம் திருப்பித் தரும்போது, “இன்னிக்கு உன்ன காஞ்சிபுரம் வரிக்கும் இட்டுகினு போய் வந்துட்டேன் யக்கா” என்பாள். பதிலுக்கு அவள் தண்ணீர் பாட்டிலை நாங்கள் நிரப்புவோம். அவ்வளவுதான் கொடுக்கல் வாங்கல். வாட்சை மற்றவரிடம் கொடுத்தால் நடவடிக்கை என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். நடவடிக்கை என்றால் எங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். கான்ட்ராக்ட் ஆளுக்குக் கடிதம் வராது. மறுநாள் கேட்டில் அவள் கார்டு வேலை செய்யாது. அவ்வளவுதான்.

கால் வீங்கியது. நிற்கிறவளுக்குக் கால் வீங்கும், அதில் என்ன புதுசு என்று இருந்தேன். இரண்டு காலும் வீங்கினால் சரி; இடது மட்டும் வீங்கியது. தொடை வரை இறுகி, லேசாக நீலம் பாய்ந்து, உள்ளே யாரோ ஈரச் சிமெண்ட் ஊற்றிவிட்ட மாதிரி. பென்னலூரில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியபோது அந்தக் கால் என்னோடு இறங்கவில்லை. பஸ் படியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் சுங்குவார்சத்திரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். போன் போட்டதும் சவாரியோடே வந்துவிட்டார். பின்னால் இரண்டு பையன்கள், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற தெற்கத்திப் பிள்ளைகள். என் காலைப் பார்த்ததும் இருவரும் குதித்து இறங்கினார்கள்.

“அண்ணே, மொதல்ல அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நாங்க நடந்து போய்க்கிடுதோம்.”

நைட் ஷிப்ட்டுக்குப் போகிற பிள்ளைகள். ஹைவே ஓரமாகப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார்கள். அந்த முதுகுகளை நான் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காலின் மேல் குளிர்ந்த பசையைத் தடவி, சோப்புக் கட்டி மாதிரி ஒன்றை அழுத்தி நகர்த்தினார்கள். டாப்ளர் ஸ்கேன். உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம் வெளியே கேட்கும். வலது காலில் வைத்தபோது காற்றில் சேலை படபடக்கிற மாதிரி ஹூஷ், ஹூஷ் என்றது. என் ரத்தம் இவ்வளவு அழகாகப் பேசுமா என்று இருந்தது. இடது காலில் வைத்தார்கள். ஒன்றும் இல்லை. மௌனம். நகர்த்தினார்கள். மௌனம். ஸ்கேன் எடுத்த பெண் திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் பயம் எனக்குள் வந்தது.

டாக்டர் இளம்பெண். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சொன்னார். “காலோட ஆழத்துல ஓடுற பெரிய ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்குதும்மா. டி.வி.டி.ன்னு சொல்லுவோம்.”

ஏகாம்பரம் குழம்பிப் போனார். “டிவிடியா? படம் போட்டுப் பாப்போமே, அதுவா டாக்டர்?”

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் கட்டி நகருமோ என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் டாக்டர் அடுத்துச் சொன்னது அதுதான். கட்டியிலிருந்து ஒரு துண்டு உடைந்து மேலே போனால், நுரையீரலில் அடைத்துக்கொள்ளும். மூச்சு நின்றுபோகலாம். ஊசி போட்டால் கட்டி வளராது. ஆனால் இடுப்பு வரை அடைத்திருக்கிற இதைக் கரைக்க ஊசி போதாது. முழங்காலுக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குழாயைக் கட்டிக்குள்ளேயே செலுத்தி, கரைக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சீக்கிரம் செய்ய வேண்டும். கட்டி பழசாகி இறுகிவிட்டால் மருந்து வேலை செய்யாது. பிறகு ஆயுள் முழுக்க வீங்கிய கால், ஆறாத புண்.

“ரொம்ப நேரம் அசையாம நிக்கிற வேலையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “ஏற்கெனவே நரம்பு சுருட்டிக்கிட்டிருக்கு. நிக்கறதும் ஒரு காரணந்தான்” என்றார்.

நின்றதால் வந்த நோய். நிற்பதை வேலை என்றே ஒப்புக்கொள்ளாத வாட்ச். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளக் காப்பீட்டு அனுமதி உடனே வந்தது. கண் மூடித் திறப்பதற்குள். இயந்திரமே பார்த்து இயந்திரமே கொடுக்கிறதாம். பரவாயில்லையே என்று அப்போது மெச்சிக்கொண்டேன், மறைக்க விரும்பவில்லை. ஊசியும் சோதனைகளுமாக இரண்டு நாள் போனபின், குழாய் வைக்கிற சிகிச்சைக்கு மறுபடி அனுமதி கேட்டார்கள். அதற்கும் கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. இல்லை.

ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண் போனைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் நின்று படித்தாள். “‘உறுப்பினரின் நடை மற்றும் இதயத் துடிப்புத் தரவுகள், தெரிவிக்கப்பட்ட நோயுடன் பொருந்தவில்லை.’ அதாவது மேடம், நீங்க அட்மிட் ஆனதுக்கு அப்புறமும் தினம் நல்லா நடக்கறீங்கன்னு சிஸ்டம் சொல்லுது. ராத்திரியில எக்சர்சைஸ் வேற பண்றீங்களாம்.”

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். ஒன்றுக்குப் போகக்கூட என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகிறவர் அவர்.

“யாரும்மா பாத்து சொன்னது இத?”

“யாரும் பாக்கல சார். சிஸ்டமே முடிவு பண்றது.”

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. வாட்ச் கன்னியம்மா கையில் இருந்தது. கால் என்னை விட்ட அன்றைக்கு, தலை சுற்றி பஸ் ஏறும்போது அவளிடம் திருப்பி வாங்க மறந்திருந்தேன். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ஒரகடத்தில் ஒரு ஷெட்டுக்குள் நான் கிறீச்சிட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

கவுண்டர்ப் பெண் போனதும் அவரிடம் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்தார்.

“சரி, சொல்லிடு மே. வாட்சு கன்னியம்மா கையில கீதுன்னு சொல்லிடு. முடிஞ்சுது.”

“முடிஞ்சிடும். அவ வேலையும் முடிஞ்சிடும்.”

“உன் காலு போகுதே!”

“அதுக்கு அவ சோத்த புடுங்கணுமா?”

“அப்ப இன்னாத்தான் பண்ணப் போற? நோவு உனக்கு, ரோஷம் ஊருக்கா? ஆட்டோவ வித்தாக்கூட பத்தாது மே!” வார்டில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தபோது கையில் இளநீர் இருந்தது. கோபம் தீராமலே, முகத்தைத் திருப்பிக்கொண்டே, ஸ்ட்ராவை என் வாயில் வைத்தார்.

போனில் காப்பீட்டுக் கம்பெனியோடு எழுதிப் பேசுகிற இடம் ஒன்று இருந்தது. ‘என் காலை வந்து பாருங்கள்’ என்று எழுதினேன்.

‘உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது’ என்று வந்தது.

‘யாருக்குப் புரிகிறது?’ என்று கேட்டேன்.

‘நான் உங்களுக்கு உதவத் தயாராக இருக்கிறேன். கீழ்க்கண்டவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.’

கீழ்க்கண்டவற்றில் என் கால் இல்லை. மறுபடி எழுதினேன்: என் காலை வந்து பாருங்கள். மறுபடி அதே புரிதல், அதே உதவி. ஷிப்ட் போக மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவள் நான்; ஒரு வாக்கியத்தை இரண்டாம் முறை எழுதினால் எனக்கே அலுத்துவிடும். அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தை அலுக்காமல் எழுதினேன். கதவைத் தட்டுகிறவள் வேறு வேறு விதமாகத் தட்டிக்கொண்டிருப்பாளா?

இதைப் படிக்கிற நீங்கள், படிக்காத பொம்பளை இயந்திரத்தைத் திட்டுகிறாள் என்று நினைத்துவிடக் கூடாது. என் காலின் மௌனத்தை முதலில் கேட்டுச் சொன்னது ஓர் இயந்திரம்தான். எங்கள் லைனில் இப்போது கேமரா இருக்கிறது. என் கண்ணுக்குத் தப்பிய கீறலை அது பிடிக்கிறது. ஆனால் டாப்ளர் பெட்டி சத்தத்தைக் கொடுத்துவிட்டு நின்றது. அதன் பிறகு ஒரு பெண் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கேமரா சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நிற்கிறது. அதன் பிறகு நான் போய்த் துடைத்துப் பார்க்கிறேன். பாதி நேரம் அது வெறும் தண்ணீர்ச் சொட்டு. இந்தக் காப்பீட்டுச் சிஸ்டம் மட்டும் ஏன் சிவப்பு விளக்கையும் தானே போட்டு, பம்பரையும் தானே உடைத்துப் போடுகிறது? வாட்ச் நடந்தது என்பது உண்மை. அது பொய் சொல்லவே இல்லை. வாட்ச் நடந்தால் நான் நடந்தேன் என்று முடிவுகட்டியதுதான் அநியாயம். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். சந்தேகப்படுகிற ஆளாகக்கூட இருக்கட்டும். சந்தேகப்படுகிறவன் எழுந்து வந்தாவது பார்ப்பான்.

மனிதர்கள் எல்லோரும் தங்கம் என்றும் நான் சொல்லவரவில்லை. மனிதர்கள் எனக்குச் செய்ததை எழுத வேறு புத்தகம் வேண்டும். ஆனால் மனிதனிடம் ‘ஏன்யா?’ என்று கேட்கலாம். அவன் வாயடைத்து நின்றாலும் அது ஒரு பதில்.

கன்னியம்மா ஷிப்ட் முடிந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், தூக்கில் ரசம் சாதத்தோடு வந்தாள். ஏகாம்பரம் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார். கட்டில் பக்கத்தில் வந்து நின்று கோட்டுக் கையைத் தள்ளினாள். என் வாட்ச் அவள் மணிக்கட்டில் இருந்தது.

“உன்னோடத மட்டும் கயட்டவே இல்ல யக்கா. நீ படுத்துகினு கீற, உன் புள்ளி போயிடப்போதேன்னு ராவுலகூட கட்டிகினே படுத்தேன். தூங்கினாலும் புள்ளி உண்டாமே.” கண் கலங்கிவிட்டது. “நல்லதுன்னு நெனச்சுதான் பண்ணேன். நானே போயி சொல்ட்டு வரேன். வேலை போனா வேற கேட்டு. ஒரகடத்துல கேட்டுக்கா பஞ்சம்?”

“கயட்டி இங்க வெய்யி. வாயத் தொறந்தேன்னா தெரியும்.”

“நீ கத்தாத. கட்டி ஏறிடப்போவுது.”

“ஏறட்டும். உன்ன வுட்டுக் குடுத்து எறங்கற கட்டி எனக்கு வேணாம்.”

அவள் ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். இடையில் ஒரு முறை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மாடி ஏறி வந்தாளே, அதுதான் என்று நினைத்தேன். நானும் அந்தச் சிஸ்டம் மாதிரிதான். பக்கத்தில் இருக்கிற காரணத்தை எடுத்து ஒட்டவைத்துவிட்டேன்.

அன்றைக்கு எங்கள் டாக்டரிடம் சொன்னேன். “வாட்ச் என் கையில் இல்லை. அதற்கு மேல் கேட்காதீர்கள். மறுக்கிறதானால் ஒரு மனுஷன் வந்து என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் பெயரைப் போட்டு மறுக்கட்டும்.” இதையே எழுதியும் கொடுத்தேன். டாக்டர் அதை அனுப்பினார். போன் போட்டார். போனை மாற்றி மாற்றிக் கொடுத்த எல்லோரிடமும் மறுபடி மறுபடி சொன்னார். கடைசியில் யாரோ ஒருவர், சரி, ஆள் அனுப்புகிறோம் என்றாராம்.

அந்த இடைப்பட்ட இரவுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருமல் வந்தால் விழுங்கினேன். மூச்சை எண்ணவில்லை, கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். தரையில் படுத்திருந்த ஏகாம்பரம் தூக்கத்திலும் ஒரு கையை மேலே நீட்டி என் வலது பாதத்தைப் பிடித்திருப்பார். இடது பாதத்தைத் தொடப் பயம் அவருக்கு.

வந்தவர் காப்பீட்டுக் கம்பெனியின் சரிபார்ப்பு டாக்டர். ஐம்பது வயதிருக்கும். பைக்கில் வந்திருக்கிறார், புருவத்திலெல்லாம் ஹைவே தூசி. பெரிய அதிகாரி மாதிரி வருவார் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் லேப்டாப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு முதலில் கைகழுவப் போனார். சண்டை அங்கேயே கொஞ்சம் தளர்ந்துவிட்டது.

“சொல்லுங்கம்மா, கால் என்ன செய்யுது?” என்றார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

“கால்தான் பேசாமல் கிடக்கிறதே. நீங்களே பாருங்கள்” என்றேன்.

போர்வையை விலக்கினார். பார்த்தார். கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்திவிட்டு எடுத்தார். குழி விழுந்தது, விழுந்தபடியே நின்றது. இரண்டு காலையும் டேப் வைத்து அளந்தார். ஸ்கேன் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்து, திரையை எனக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். மலையும் பள்ளமுமாக ஒரு கோடு ஓடியது.

“இது உங்க வாட்ச் அனுப்புனது. இந்தக் காலை வச்சிக்கிட்டு இப்படி நடக்கணும்னா நீங்க சாமியாடியாத்தான் இருக்கணும். வாட்ச் எங்க இருந்துச்சு?”

அப்போது பார்த்துக் கன்னியம்மா உள்ளே வந்தாள். அதே கோட்டு. அதே தூக்கு. லேப்டாப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அனிச்சையாக இரண்டு கோட்டுக் கைகளையும் விரல் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தார். நான் அவர் பார்ப்பதைப் பார்த்தேன்.

“என் கையில் இல்லை” என்றேன். “நான் படுத்த நாளிலிருந்து என் கையில் இல்லை. எங்கே இருந்தது என்று சொல்லமாட்டேன். அதற்காக மறுக்கிறதானால் மறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் காலைப் பார்க்காதது போல எழுதாதீர்கள்.”

அவர் அளந்த டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

“உங்க கையில இல்ல” என்றார் மெதுவாக. “அவ்வளவுதாம்மா எனக்குத் தெரிய வேண்டியது. வாட்ச் கட்டாட்டா வைத்தியம் கிடையாதுன்னு பாலிசியில எங்கயும் எழுதல. அந்த நாள்களுக்கு உள்ள புள்ளிய வேணா கழிச்சிக்கிடட்டும். கழிக்கச் சொல்லியே எழுதுதேன்.”

எழுதினார். நாலு வரி. கடைசியில் தன் பெயரைப் போட்டார்.

எத்தனை கேள்விகளை அந்தச் சிஸ்டம் ஒரு நொடியில் கேட்டுவிடும்! இவர் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார். கேட்கத் தெரியாமல் இல்லை. பதில் கைக்கெட்டுகிற தூரத்தில் தூக்கோடு நின்றது. கேட்டால் யாருடைய சோறு போகும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. எது எவ்வளவு பெரிய தப்பு, அதற்கு எது போதுமான தண்டனை என்று அவர் தராசில் நிறுத்தார். புள்ளியைக் கழி, காலைக் காப்பாற்று. இந்த நிறுவையைத்தான் நான் தீர்ப்பு என்கிறேன். இதைச் செய்கிற ஆளை எடுத்துவிட்டு அந்த நாற்காலியில் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் நான் சண்டைக்கு நிற்பேன்.

லேப்டாப்பை மூடப்போனவர் மூடவில்லை. திரையில் வேறொரு இடத்தை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“இந்த ராத்திரி நேரத்தப் பாருங்க. சிஸ்டம் இத எக்சர்சைஸ்னு போட்டிருக்கு. ஆனா ஒரு அடிகூட நடக்கல. படுத்திருக்கையில துடிப்பு இப்படி ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது. படுத்துக்கிட்டே ஓடுத மனுசன் உண்டா?” கன்னியம்மா பக்கம் அவர் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். “இத யாரு கட்டியிருந்தாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம்மா. ஆனா அவுங்கள உடனே ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்க. தள்ளிப்போட வேண்டாம்.”

பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்ற கன்னியம்மாவை நான் பார்த்தேன். அந்த மூச்சுவாங்கல் மாடிப்படியால் வந்ததில்லை.

சாயங்காலமே அனுமதி வந்தது. முழங்காலுக்குப் பின்னால் மரத்துப்போக ஊசி போட்டு, நூல் மாதிரி ஒரு குழாயை ஏற்றினார்கள். மருந்து சொட்டியது. அசையாதே என்றார்கள், அசையாமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்துப் பழக்கியிருக்கிறார்களே. கட்டி கரைந்த பிறகு மறுபடி டாப்ளரை வைத்தார்கள். மௌனம். நகர்த்தினார்கள். ஹூஷ் என்றது. ஏகாம்பரம் ஸ்கேன் அறை வாசலில் நின்று ஓவென்று அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், இறுக்கமான காலுறையை மாட்டிக்கொண்டு, கன்னியம்மாவை இழுத்துக்கொண்டு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனது. இழுத்துக்கொண்டு என்றால் நிஜமாகவே இழுத்துக்கொண்டு. ஆட்டோவில் வழி நெடுக முனகிக்கொண்டே வந்தாள்.

“நெஞ்சுல ஒண்ணியும் இல்ல யக்கா. வாயு.”

“வாயுன்னு டாக்டர் சொல்லட்டும்.”

“லீவு போட்டா சம்பளம் புடிப்பான்.”

“நெஞ்சு நின்னா முழுசா புடிப்பான். வா.”

இன்று எல்லாம் தெரியும்: அவள் இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது, கவனிக்காமல் விட்டிருந்தால் அங்கேயும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போயிருக்கும், மாத்திரையில் அடங்குகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை வைத்து உட்காருகிற வேலையும் வாங்கியாயிற்று. வாட்ச் திட்டத்தையும் அந்த வருடத்தோடு கைவிட்டுவிட்டார்கள். அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஈ.சி.ஜி. அறை வாசலில் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அவள் கை ஜில்லென்று என் கைக்குள் இருந்தது.

நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். “வளையல், கொலுசு, எல்லாம் கழட்டிட்டு வாம்மா.”

கன்னியம்மா எழுந்தாள். வளையலைக் கழற்றி என் மடியில் போட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, திருட்டு முழி முழித்துக்கொண்டே கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்குக் கீழே இரண்டு வாட்ச்.

“அடிப்பாவி! இவ்ளோ ஆனப்புறமும் யாரோடதடி இது?”

“லைன்ல நிக்குறாங்களே, அவங்களோடதுதான். பாவம் யக்கா, அவங்க மட்டும் இன்னா பண்ணுவாங்க?”

இரண்டையும் அவிழ்த்து, என் மணிக்கட்டைப் பிடித்து ஒன்றன் மேல் ஒன்றாக அவளே கட்டிவிட்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு பாதி உள்ளே போனவள் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

“குந்திகினு கெடக்காத. நா வர வரிக்கும் நட.”